பத்தாம் வீட்டு அக்கா திருப்பித் தந்தவை

என் வீட்டுப் பால்காய்ப்புக்கு ஏழு சுவர்க்கடிகாரங்கள் வந்தன. எட்டாவது அன்பளிப்பாக ஒரு காலிப் பெயிண்ட் வாளி வந்தது. கடிகாரங்களில் ஒன்றுதான் இப்போது ஓடுகிறது, அதுவும் தன் இஷ்டத்துக்கு. வாளி மட்டும் இன்றுவரை ஒழுங்காக உழைக்கிறது.

வாளியைக் கொண்டுவந்தவள் பத்தாம் வீட்டு அக்கா. உள்ளே பந்தி நடந்துகொண்டிருந்தது. அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். என் மனைவி டீ எடுத்து வந்தாள்.

"டீ வேண்டாம் தாயி," என்றவள் என் பக்கம் வாளியை நீட்டினாள். "இது ஒங்களுதுதான தம்பி? பெயிண்டரு ஓடையில வச்சுக் கழுவிட்டு அங்கனயே போட்டுட்டுப் போயிட்டான். முந்தாநாள் பூரா எங்களுக்குத் தண்ணி பச்சையா வந்துச்சு."

திரும்பி என் சுவரைப் பார்த்தாள். பிஸ்தா பச்சை. கடையில் அரை நாள் நின்று நான் தேர்ந்தெடுத்த நிறம்.

"இந்தப் பச்சைதான்," என்றாள். "ஒங்க சாமானு ஒங்ககிட்டயே இருக்கட்டும்."

அவ்வளவுதான், போய்விட்டாள். பந்தியில் யாரோ பாயசம் கேட்டார்கள். நான் என் வீட்டு வாசலில், என் வீட்டு விசேஷத்தில், கையும் வாளியுமாகப் பிடிபட்டு நின்றேன்.

வண்டிப்பெரியாரில் பஸ் இறங்கி, தேயிலைக்குள் இரண்டு வளைவு ஏறினால் எங்கள் சரிவு. நடுவில் லயம், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு. ஒரே கூரையின் கீழ் பத்து வீடுகள். ஒன்றாம் வீடு மேட்டில், பத்தாம் வீடு பள்ளத்தில். எல்லா வாசலையும் தொட்டுக்கொண்டு ஒரே சாக்கடை இறங்கும். ஒன்றாம் வீட்டுக்காரர் வாய் கொப்பளித்த தண்ணீர் ஒன்பது வாசல்களை விசாரித்துவிட்டுத்தான் கீழே ஓடைக்குப் போகும். ஓடையின் ஓரத்தில் ஓர் ஊற்று, அதற்குத் தோட்டத்து நிர்வாகம் எப்போதோ கட்டிய சிமெண்டுத் தொட்டி. குழாயில் தண்ணீர் வருகிற நாட்கள் குறைவு. குடிக்க, பொங்க, பாத்திரம் கழுவ என்று பத்து வீடும் நம்பியிருப்பது ஊற்றைத்தான்.

நான் ஐந்தாம் வீட்டில் பிறந்தவன். அம்மா கொழுந்து எடுத்தவள், அப்பா அதை எடைபோட்டவர். நான் நாலு எழுத்துப் படித்து, தோட்டத்து ஆபீஸில் குமாஸ்தாவாகி, லயத்துக்கு மேலே நாலு சென்ட் வாங்கி வீடு கட்டினேன். எங்கள் ஊரில் ஒருவன் முன்னேறிவிட்டானா என்று அளப்பது சுலபம். எவ்வளவு உயரத்தில் வீடு கட்டியிருக்கிறான் என்று அண்ணாந்து பார்த்தால் போதும். மேலே போனவனுக்கு இரண்டு வசதிகள். காட்சி நன்றாக இருக்கும். தன் வீட்டுத் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டியதில்லை.

அக்காவுக்கு அந்த இரண்டும் கிடையாது. முப்பது வருஷமாகப் பத்தாம் வீடு. குள்ளமான உருவம். சேலைக்கு மேல் செத்துப்போன புருஷனின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. கையில் மூங்கில் குச்சி, அதன் நுனியில் வளைத்த கம்பி. கொழுந்து எடுத்து முடித்து வந்ததும் சாக்கடை ஓரத்தில் குந்திவிடுவாள். வருவதை எல்லாம் கம்பியால் இழுத்துப் போட்டு, ஒரு பையில் அடைத்து, மேலே ஏறுவாள். வெற்றிலை போடுகிற பழக்கம் உண்டு. துப்புவதற்கு மூடி வைத்த ஒரு தகர டப்பா எப்போதும் இடுப்பில் இருக்கும். கல்யாண வீட்டில்கூட அந்த டப்பாவோடு உட்கார்ந்திருந்தவள் அவள் ஒருத்திதான்.

நாங்கள் தினசரிப் பத்திரிகை படிப்பதுபோல அவள் சாக்கடை படித்தாள். "மூணாம் வீட்ல மாப்பிள்ளை வந்திருக்காரு, சேவிங் பிளேடு வருது." "ஆறாம் வீட்டுக்காரி மாத்திரையை முழுங்கல, அட்டையோட தூக்கிப் போடுதா, சுகர் ஏறிக் கிடப்பா." சொன்னது தப்பாது. தப்பியது ஒரே ஒரு முறை. குழந்தைக்குக் கட்டுகிற பேம்பர்ஸ் நாலைந்தை இரண்டாம் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்தாள். அந்த வீட்டுக் குழந்தை ஊரிலேயே இல்லை, பாட்டி வீட்டுக்குப் போயிருந்தது. விஷயம் தெரிந்ததும் அக்கா எல்லோர் முன்னாலும் அந்தப் பையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"ஆளு தெரியாதது என்னுது," என்றாள்.

அன்றிலிருந்து அவள் வீட்டுக்குப் பின்னால் ஓர் உரச்சாக்கு நின்றது. யாருடையது என்று தெரியாத சாமான்களுக்காக. வருஷத்தில் அது மூன்று சாக்கானது. ஊருக்கெல்லாம் சொந்தமான குப்பையை ஒருத்தி தன் பெயரில் எழுதிக்கொண்டிருக்கிறாளே என்று எங்களில் ஒருவருக்கும் வெட்கம் வரவில்லை. "பாத்தியா, அவ வீட்டுக்குப் பின்னாலதான் இருக்கறதுலயே பெரிய குப்பை," என்று சிரித்தோம்.

அவளிடம் கருணை கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எட்டாம் வீட்டுப் பெண்ணை மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வந்த அன்று, பஜ்ஜித் தட்டு சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில், அந்த வீட்டுக் கோழிக் கழிவு மூட்டையோடு வாசலில் போய் நின்றாள். பெண்ணின் அப்பா கும்பிட்டார். "நாளைக்குப் பேசுவோம்க்கா."

"நாளைக்கும் இதேதான் வரும், அண்ணே."

கல்யாணம் எப்படியோ நடந்துவிட்டது. அக்காவுக்குப் பத்திரிகை வைக்கவில்லை.

அவளுக்கு ஒரே மகள். கம்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தாள். குமுளி மலை இறங்கினால் கம்பம், அரை நாள் பயணம்கூட இல்லை. என் வீடு எழும்பிய மறு வருஷம் மகள் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீடு வந்தாள். ஏழாம் மாதம் வளையல் போட்டுக் கூட்டி வந்தார்கள். அக்கா மகளுக்குக் குடிக்கிற தண்ணீரைக் காய்ச்சித்தான் கொடுத்தாள். ஆனால் வாய் கொப்பளிக்கும் தண்ணீரையும் தட்டு அலம்பும் தண்ணீரையும் யார் காய்ச்சுகிறார்கள்? ஒன்பதாம் மாதம் மகளுக்குக் கண் மஞ்சளானது. மஞ்சள் காமாலையை எங்கள் பக்கம் மஞ்சப்பித்தம் என்போம். ஜீப் பிடித்துக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மகள் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

சுகாதாரத் துறையிலிருந்து வந்து தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டுவிட்டு, தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லி மலையாளத்தில் ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள். லயத்துக்காரர்களுக்குப் புரிய வேண்டுமே என்று அதைத் தமிழாக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் இலக்கியவாதி. 'கொதிக்க வைத்து ஆறிய நீரையே அருந்துவீர்' என்று எழுதிக் கொடுத்தேன். 'அருந்துவீர்' என்ற சொல்லில் எனக்கு அப்போது ஒரு பெருமை இருந்தது. நோட்டீஸ் ஊற்றுத் தொட்டியின் மேல் ஒட்டப்பட்டது. என் வீட்டிலிருந்து பார்த்தால் தெரியும்.

அடுத்த வருஷம் மகள் மறுபடி உண்டானாள். சேதி வந்த அன்று அக்கா எங்கள் எல்லோரிடமும் ஒரே வாக்கியத்தைச் சொன்னாள். "ஏழாம் மாசம் புள்ளையக் கூட்டியாரணும். அதுக்குள்ள தண்ணி நேராகணும்."

ஐந்து மாதம் இருந்தது. அந்த ஐந்து மாதமும் அவள் எங்களைத் தூங்கவிடவில்லை.

முதலில் புகை. எங்கள் மலையில் மழை தொடங்கினால் விறகு காயாது. ஈர விறகைப் பற்றவைக்க லயம் கண்டுபிடித்த வழி, பால் கவர். கவர் பத்தாவிட்டால் உரச்சாக்கின் உள்ளுறை, அதுவும் பத்தாவிட்டால் சைக்கிள் டியூப் துண்டு. காலை ஐந்தரைக்குப் பத்துக் கூரையிலும் கறுப்பாக ஒரு புகை எழுந்து, பனியின் கனத்தால் மேலே போக முடியாமல், மறுபடி வீட்டுக்குள்ளேயே வந்து படுக்கும். மாதம் ஒருமுறை பஞ்சாயத்திலிருந்து பெண்கள் வந்து பிளாஸ்டிக்கை வாங்கிப்போகிறார்கள். கழுவிக் காயவைத்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். கழுவ நேரமில்லை என்று எரித்தோம். எரித்த புகைக்கு இருமுவதற்கு மட்டும் எல்லோருக்கும் நேரம் இருந்தது.

சாக்கடையில் வந்ததைத் திருப்பித் தரலாம், புகையை எப்படித் தருவாள் என்று நினைத்தோம். அவள் ஒரு வெள்ளைத் துண்டை நனைத்து நாலாம் வீட்டு அடுப்படி ஜன்னலுக்கு வெளியே கட்டிவிட்டாள். ரிட்டயர்டு சூப்பர்வைசர் வீடு அது. ஒரு வாரம் தினமும் போய் நனைத்தாள். எட்டாம் நாள் துண்டை அவிழ்த்து அவர் மடியில் போட்டாள். சட்டிக்கரி நிறம்.

"ஒங்க சாமானு, அண்ணாச்சி."

"எனக்கு இருமல் குளிர்னால வர்றது. டாக்டரே சொல்லிட்டாரு," என்றார் அவர்.

"டாக்டரு ஒங்க ஜன்னலப் பாத்தாரா?"

அவர் துண்டை மோந்து பார்த்தார். அதன்பிறகு அவர் வீட்டில் கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளை அடுப்புக்கு மேலே பரண் கட்டிக் காயவைத்தார்கள். அக்கா வீட்டில் எப்போதும் இருந்த பரண்தான் அது. பார்த்து ஆறேழு வீடுகள் கட்டின. மனிதர்கள் கெட்டவர்கள் இல்லை. எதிரே ஒரு அழுக்குத் துண்டு இருந்தால் போதும்.

இந்தச் சமயத்தில்தான் வாசகசாலையில் சுற்றுச்சூழல் தினக் கூட்டம். பேச்சாளர் நான். ஆறுகளைப் பற்றி, அவை நாகரிகங்களின் தொட்டில் என்பது பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். சால்வை போட்டார்கள். அக்கா கடைசி பெஞ்சில் டப்பாவோடு உட்கார்ந்து முழுதும் கேட்டாள். முடிந்ததும் வந்து ஒரு பையைக் கொடுத்தாள். உள்ளே எனக்குத் தபாலில் வரும் இலக்கியப் பத்திரிகைகளின் பிளாஸ்டிக் உறைகள். ஒவ்வொன்றிலும் என் பெயர், விலாசம், பின்கோடு.

"இந்த ஒண்ணுதான் தம்பி எனக்கு வேலை வைக்கல," என்றாள். "மத்தவங்களுதுக்கு யோசிக்கணும். ஒங்களுதுல பேரே இருக்கு."

சிரித்து மழுப்பினேன். வேலிக்கு அந்தப் பக்கம் போட்டால் போய்விட்டது என்று நினைக்கிற பழக்கம் எனக்கு. எங்கே போகும் என்று கேட்டால் 'போய்விடும்' என்பேன்.

சாக்கடை ஓரளவு சுத்தமானது. ஆனாலும் தொட்டித் தண்ணீரில் ஒரு வாடை இருந்தது. ஏதோ ஒரு வீட்டுக் கக்கூஸ் தண்ணீர் ஊற்றில் கலக்கிறது என்பது அக்காவின் முடிவு. எந்த வீடு என்று கண்டுபிடிக்க அவள் செய்த காரியத்தை நான் படித்த எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மனைவியிடம் சொட்டு நீலப் பாட்டில் ஒன்று கேட்டு வாங்கினாள். வேட்டி சட்டைக்குப் போடுகிற அதே நீலம்தான். மற்ற வீடுகளில் ஆளுக்கொரு பாட்டில் வாங்கினாள். ஒன்பதாம் வீட்டுக்காரியை ஊற்றில் உட்கார்த்தி வைத்தாள். "நீலமா வந்தா கூ குடு," என்று சொல்லிவிட்டு, வீடு வீடாகப் போய்க் கக்கூஸில் நீலத்தை ஊற்றி வாளி வாளியாகத் தண்ணீர் விட்டாள். விட்டுவிட்டு ஒரு மணி நேரம் காத்திருப்பாள். பிறகு அடுத்த வீடு. இரண்டு ஞாயிறு ஆயிற்று.

நாலாம் வீட்டில் ஊற்றியபோது கீழேயிருந்து ஒரு கூ வந்தது. சூப்பர்வைசர் அண்ணாச்சி தலையில் கை வைத்தார். மறுநாள் காலை கடப்பாரையை எடுத்தார். எழுபதைத் தொட்ட மனிதர், நாலு நாளில் புதுக் குழி தோண்டி, உறை இறக்கி, பழைய குழியை மூடினார். அக்கா அவருக்கு மண் சுமந்தாள்.

வாடை போகவில்லை. லயத்தில் பாக்கி இருந்த வீடுகளில் கூ வரவில்லை. கடைசியாக மேலே ஏறி என் வீட்டுக்கு வந்தாள்.

நான் சந்தோஷமாக வரவேற்றேன். வேண்டாம் என்று தெரிந்தும் டீ சொன்னேன். வேண்டாம் என்றாள். பாட்டில் முழுவதையும் கவிழ்த்தாள், பத்து வாளி விட்டாள், திண்டில் உட்கார்ந்தாள். அவள் காத்திருந்த நேரமெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருந்தேன். செப்டிக் டாங்க் என்றால் என்ன, அதில் எத்தனை அறை, ஒவ்வொரு அறையிலும் என்ன நடக்கும், மேல்நாடுகளில் எப்படி. உள்ளே மனைவி மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு நாக்கு ஓடுமே தவிர நிற்காது. முக்கால் மணி நேரம் போயிருக்கும்.

கூ.

மிக்ஸி நின்றது. மறுபடியும் கீழேயிருந்து, இந்த முறை நீளமாக, கூ.

அக்கா எழுந்தாள். என்னைப் பார்க்கவில்லை. பிஸ்தா பச்சைச் சுவரைத்தான் பார்த்தாள்.

இங்கே நான் ஆச்சரியப்பட்டதாக எழுதினால் கட்டுரை அழகாக முடியும். ஆச்சரியப்படவில்லை. எனக்குத் தெரியும். வீடு கட்டும்போது ரெண்டரை அடியில் பாறை வந்தது. மேஸ்திரி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "சார், இதுக்கு மேல தோண்டினா ஆளு, நாளு எல்லாம் இழுக்கும். சின்னதா ஒரு டாங்கைக் கட்டி, பைப்பை அந்தப் பக்கம் விட்டா மழைத் தண்ணியோட போயிரும்." நான் சொன்னேன், "நீங்க பாத்துச் செய்யுங்க."

இதைவிடச் சுத்தமான வாக்கியம் தமிழில் இல்லை. சொன்னவன் கையில் ஒன்றும் ஒட்டாது. மேஸ்திரி பார்த்துச் செய்தார். தண்ணீர் பார்த்துப் போயிற்று. ஒரு குழந்தை செத்தது. நான் நோட்டீஸ் மொழிபெயர்த்தேன்.

என் பைப்பால்தான் அது செத்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. நாலாம் வீட்டுக் குழியும் கசிந்ததே. இந்த வாதத்தைத் தயாரிக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அக்கா அதைக் கேட்கவே இல்லை.

"எப்ப அடைப்பீக?" என்றாள்.

"செய்யணும்க்கா. முறையாச் செய்யணும். நான் ஒண்ணு யோசிச்சிருக்கேன். இந்தச் சரிவுக்கே சேத்து ஒரு பொதுத் திட்டம் வேணும்னு பஞ்சாயத்துக்கு மனு..."

"மனு வேண்டாம் தம்பி. பைப்ப அடைங்க."

"சட்டுனு அடைச்சா அது எங்க வீட்டுக்குள்ளல்ல ஏறும்?"

"அது ஒங்களுதுதான," என்றாள்.

அடைக்கவில்லை. மழை விடட்டும் என்றேன். மழை விட்டது. மேஸ்திரி ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். வந்தார், பாறையைத் தட்டிப் பார்த்தார், வேறு ஆள் வேண்டும் என்றார். வேறு ஆளுக்குச் சொல்லி அனுப்பினேன், சொல்லி அனுப்பியதையே செய்ததாக எண்ணிக்கொண்டேன். மனுவும் எழுதினேன், மூன்று பக்கம். அதில் 'நீராதாரம்' என்ற சொல் பல இடங்களில் வந்தது. அதிகம் படிக்காத அண்ணாச்சி நாலு நாளில் செய்ததைச் செய்ய முடியாதபடி என்னை என் படிப்பு காப்பாற்றியது.

ஒரு நாள் மாலை அக்கா ஏறி வந்தாள். மகளுக்கு ஏழாம் மாதம் பிறக்க ஒரு வாரம்.

"அடுத்த வாரம் வளையல் போடணும்."

"ஆளு வர்றேன்னிருக்கான்க்கா. இந்த மாசக் கடைசிக்குள்ள..."

அவள் என் வீட்டு மூலையில், தரையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த அந்த வெள்ளைப் பைப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். நுனியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"சரி," என்று இறங்கிப் போனாள்.

கம்பத்தில் நடந்ததை ஒன்பதாம் வீட்டுக்காரி சொல்லித்தான் தெரியும். அவளும் கூடப் போயிருந்தாள். வளையல் போட்டு, ஐந்து வகைச் சோறு ஆக்கி, எல்லாம் முறைப்படி நடந்தது. சம்பந்தியம்மா மருமகளின் துணிப்பையை எடுத்து வைத்துவிட்டு, "நல்ல நேரத்துல கெளம்புங்க," என்றாள்.

"புள்ள இங்கயே இருக்கட்டும்," என்றாள் அக்கா.

பெற்ற மகளை, வளையல் கையோடு, வராதே என்று சொல்கிற அம்மாவை அங்கே யாரும் பார்த்ததில்லை. சம்பந்தியம்மா கேட்டாள், "மகளுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்கக்கூட வக்கில்லாத வீடா அது?"

"ஆமா," என்றாள் அக்கா. "இல்லாத வீடுதான்."

மகள் அழுதாளாம். இவள் அழவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில், மலை ஏறி முடியும்வரை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு வெற்றிலையே போடவில்லை என்றாள் ஒன்பதாம் வீட்டுக்காரி. பிரசவத்துக்கு இரண்டு வாரம் முன்பு லீவு போட்டுவிட்டுக் கம்பம் போய், மருமகன் வீட்டு அடுப்படியில் படுத்துக்கிடந்தாள். முறைக்குப் போகக்கூடாத இடம். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனார்களாம். பேத்தி பிறந்தது, நல்லபடியாக.

அந்த வருஷக் கடைசியில் அக்காவுக்கு ரிட்டயர்மெண்ட். லயத்து வீட்டைத் தோட்டத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். போகும் அன்று என் வீட்டுக்கு ஏறி வந்தாள். கையில் பை இருந்தது. எனக்குப் பழக்கத்தில் கை நீண்டுவிட்டது. பைக்குள்ளிருந்து புதிதாக ஒரு சொட்டு நீலப் பாட்டிலை எடுத்து ஜன்னல் திண்டில் வைத்தாள்.

"அன்னிக்கு தாயிகிட்ட கேட்டு வாங்குனது. தீந்துபோச்சு. புதுசு வாங்கியாந்தேன்."

"இதெல்லாம் எதுக்குக்கா. உக்காருங்க, டீ..."

"டீ வேண்டாம் தம்பி. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

பைப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் அந்தத் திட்டை வைத்து ஒரு கட்டுரை எழுதி, வாசகர்களைச் சிரிக்க வைத்து, நானும் தப்பித்திருப்பேன். அவளுக்கு என்னைப் பற்றி அவ்வளவு தெரிந்திருந்தது.

பாட்டில் ஜன்னலிலேயே இருந்தது. வெயில் படும்போது தரையில் ஒரு நீல வட்டம் விழும். காலையில் சாய்வு நாற்காலிக்கு அருகில், பத்து மணிக்கு என் காலடியில். இரண்டு மாதம் அந்த வட்டத்தைத் தாண்டித் தாண்டி நடந்தேன். பிறகு ஒருநாள் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு நாலாம் வீட்டு அண்ணாச்சியிடம் போய்க் கடப்பாரை கேட்டேன். அவர் கடப்பாரையோடு இரண்டு ஆட்களையும் அனுப்பினார். பாறையை உளியால் பிளந்து, டாங்கை ஆழமாக்கி, அப்பால் மண் இருந்த இடத்தில் உறிஞ்சு குழி எடுத்து, வெள்ளைப் பைப்பை வேரோடு பிடுங்கினோம்.

ஆறு நாள். அவ்வளவுதான் அந்த வேலை. ஒரு தாய் தன் மகளை வாசலோடு நிறுத்தியது, ஒரு பேத்தி இன்றுவரை இந்த லயத்தை மிதிக்காதது, சபையில் அந்த 'ஆமா', எல்லாம் என்னுடைய ஆறு நாளுக்காக.

வேலை முடிந்த மறுநாள் நீலத்தை எடுத்தேன். முழுப் பாட்டில், பத்து வாளித் தண்ணீர். கூ கொடுக்கக் கீழே ஆள் இல்லை. ஒன்பதாம் வீட்டுக்காரியும் மகன் வீட்டுக்குப் போய்விட்டாள். நானே ஊற்றிவிட்டு நானே எண்பது படி ஓடி இறங்கினேன். ஐம்பத்து மூன்று வயது, தொப்பை, கையில் காலி வாளி. அதே பிஸ்தா பச்சை வாளி.

பத்தாம் வீட்டில் இப்போது ஜார்கண்டிலிருந்து வந்த ஒரு பையனும் அவன் மனைவியும். பத்தாம் வீடு யாருக்குப் போகும் என்று யோசிக்க வேண்டியதே இல்லை, கடைசியாக வந்தவருக்குத்தான். அந்தப் பெண் ஊற்றுத் தொட்டியில் குடம் முக்கிக்கொண்டிருந்தாள். மூச்சிரைக்க வந்து நின்ற என்னைப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் எழுந்தான்.

"எந்தா சேட்டா?" என்றான், என்ன அண்ணா என்று, இங்கே பழகிய மலையாளத்தில். பிறகு குடத்தைக் காட்டி, தெரிந்த தமிழில், "தண்ணி, நல்லதா?"

"இன்னும் ஒரு மணி நேரத்துல சொல்றேன்," என்றேன்.

அக்கா குந்துகிற இடத்தில் குந்தினேன். மேலேயிருந்து பார்க்கும்போது அழகாகத் தெரிகிற எதுவும் அங்கிருந்து பார்த்தால் அப்படித் தெரியவில்லை. முக்கால் மணி நேரம். ஒரு மணி. தண்ணீர் தண்ணீராகவே வந்தது. அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

எழுந்திருக்கும்போதுதான் அது வந்தது. பேக்கரி மஞ்சள் கவரில் கட்டிய பேம்பர்ஸ் மூட்டை, மேலேயிருந்து ஓடையில் உருண்டு உருண்டு வந்து, ஊற்றுக்கு அரை அடி முன்னால் கல்லில் மாட்டி நின்றது. அங்கே கிடந்த ஒரு குச்சியால் இழுத்துக் கரையில் போட்டேன். பத்தாம் வீட்டுக்குப் பின்னால் அக்காவின் மூன்று சாக்குகளும் அப்படியே நின்றன. வெயிலில் வெளுத்து, வாய் திறந்து, ஆள் தெரியாததற்காக.

மூட்டையை அங்கே கொண்டுபோனேன். போட்டிருப்பேன். சாக்கின் வாய்க்கு மேலே என் கை போய்விட்டது. ஆனால் அந்த மஞ்சள் கவர் எனக்குத் தெரியும். என் வீட்டுக்கும் மேலே போன வருஷம் வீடு கட்டியவருடையது. நல்ல படிப்பாளி, மகள் பிரசவித்து வந்திருக்கிறாள், என் கட்டுரைகளைப் பாராட்டுகிறவர். தினமும் காலையில் அந்தக் கவர் அவர் வேலி மேல் பறந்து போவதை நான் பல் தேய்த்துக்கொண்டே பார்த்திருக்கிறேன். போய்விடும் என்று.

எண்பது படி. என் வீட்டைத் தாண்டி இன்னும் முப்பது. வாளிக்குள் மூட்டையோடு கேட்டைத் தட்டினேன். அவர் வாயெல்லாம் பல்லாக வந்து கதவைத் திறந்தார்.

"வாங்க சார், வாங்க. இப்பதான் ஒங்களப் பத்திப் பேசிட்டிருந்தோம். உக்காருங்க," என்றவர், உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார், "ரெண்டு டீ."

"டீ வேண்டாம்," என்றேன்.